அறுபத்திரண்டு பர்சென்ட்

ஏம்மா, எஞ்சினியர் சார் எப்ப வருவாரு? பத்து மணிக்கு வரச் சொன்னாங்க. இப்ப பத்தே கால். அவசரப்படுத்தல, சும்மா கேட்டேன். ராஜபாளையத்துல பஸ் ஏறி, இந்த டப்பாவை மடியிலயே வச்சுக்கிட்டு மதுரை வரைக்கும் வந்தவன், இங்கன பத்து நிமிசம் உக்கார மாட்டேனா? நீ உன் சோலியைப் பாரு.

என்னது? கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா. இந்த ஏசி என்ன இரைச்சல் போடுது. டப்பாவுல என்னன்னா கேக்குற? சோறு இல்ல. எம் மக லேப்டாப்போட டிஸ்க்கு. எஸ்.எஸ்.டி.ங்கிறாங்கள்ல, அது. பாதி சீப்பு நீளம்கூட இல்ல. இதுக்குள்ள அவளோட நாலு வருசம் இருக்குன்னா நம்புவியா? நானும் நம்பல. முந்தாநேத்து புதன்கிழமை வரைக்கும் நம்பல.

இல்லம்மா, உங்கிட்ட குடுக்கமாட்டேன். கோவிச்சுக்காத. எஞ்சினியர் கையில நேராக் குடுக்கணும்னு மக சொல்லி விட்டிருக்கா. முன்னால உக்காந்திருக்கிற பிள்ளை வாங்கி அங்கிட்டு வைக்க, அது மேல யாராவது டீ கிளாஸை வைக்க, எதுக்கு வம்பு? சார் வரட்டும்.

ஏன் சிரிக்கிற? யாரு, நீயா? வாசல் போர்டுல எம். ஹாஜிரான்னு போட்டிருக்கே, அது... நீங்கதானா? நான் ஓனரோட சம்சாரம் பேருல கடையைப் பதிஞ்சிருக்காங்கன்னுல்ல நினைச்சேன். சரி சரி. இதுல என்ன தப்பு? பொம்பளப் பிள்ளைங்க படிக்கணும், பெரிய வேலை பாக்கணும்னு சொல்றவன் நான். எங்க ஊர்ல யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. எம் மக பூங்கோதை டாக்டருக்குப் படிக்கிறா. ஊசி போடுற டாக்டர் இல்ல, பி.எச்.டி. ஒரு நாள் ஒரு பொழுது நான் அவளைத் தடுத்ததில்ல. இந்தாங்க, பிடிங்க. பாத்து, பாத்து.

என்ன நடந்துச்சா? அதான் நேத்தே போன்ல ஏதோ ஃபாரம் நிரப்பி அனுப்பிட்டேன்னு சொன்னாளே, அதுல எழுதியிருப்பாளே. ஓ, கொண்டு வர்ற ஆளை முதல்ல கேட்டுட்டு, அப்புறந்தான் ஃபாரத்தைத் திறப்பீங்களா? ஏன், ஃபாரத்துல பொய்யா எழுதுவாங்க? எல்லாருமா! சரியான ஆளுதான் நீங்க. நல்ல பழக்கம், அப்படித்தான் இருக்கணும்.

சொல்றேன், முறையாச் சொல்றேன். எம் பேரு தங்கமாரியப்பன். ஸ்பின்னிங் மில்லுல எலெக்ட்ரிகல் ஃபோர்மேன். முப்பத்தி நாலு வருசம். மில்லை மூடி ரெண்டு வருசமாச்சு, இன்னமும் தெருவுல ஃபோர்மேன்னுதான் கூப்பிடுறாங்க. கரண்டு விசயத்துல என்கிட்ட யாரும் கதை விட முடியாது. மில்லுல நான் ஒரு சட்டம் வச்சிருந்தேன். ஒருத்தன் லைன்ல கை வச்சு வேலை பாக்கும்போது சுவிட்சுல ஒரு போர்டு தொங்கும், 'ஆள் வேலை செய்கிறார், தொடாதே'ன்னு. அதை மாட்டினவன்தான் கழட்டணும். மேனேஜர் வந்தாலும் சரி, முதலாளியே வந்தாலும் சரி. அடுத்தவன் மாட்டின போர்டைக் கழட்டுறவன் கொலைகாரன்னு சொல்லித்தான் புதுசா வர்ற ஆளுகளுக்குப் பாடத்தையே ஆரம்பிப்பேன். முப்பத்தி நாலு வருசத்துல என் செக்சன்ல ஒரு உசுரு போனதில்ல. அது எதுக்கு இப்பவா? நான் எப்படிப்பட்டவன்னு உங்களுக்குத் தெரியணும்ல.

டிஸ்க்குல என்ன இருக்கா? அதைக் கேளுங்க. மில்லுல வேலை பாத்த பொம்பளைங்களுக்குக் காது எப்படி மந்தமாகுதுன்னு ஆராய்ச்சி. நூத்தி நாப்பத்தாறு பேரு. வீடு வீடா மெஷினைத் தூக்கிட்டுப் போயி, ஒவ்வொருத்தியையும் உக்கார வச்சு டெஸ்ட் பண்ணி, அவங்க பேசுறதை ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கா. 'குக்கர் விசில் எனக்குக் கேக்கலம்மா, பக்கத்து வீட்டுக்காரி வந்து அடுப்பை அணைக்கிறா'ன்னு ஒருத்தி சொல்லுவா. எம் மக அதை வீட்டுல போட்டுக் கேட்டுக்கிட்டே இருப்பா. மில்லு மூடினதும் பாதிப் பேரு திருப்பூருக்குப் போயாச்சு, கேரளாவுக்குப் போயாச்சு. ஏழு பேரு உசுரோடயே இல்ல. அவங்களை இனி எங்க தேடி உக்கார வைக்க? என்னையும் உக்காருங்கப்பான்னா. எனக்கு எதுக்கு, எனக்குத்தான் நல்லாக் கேக்குதே.

என்னது? ஆங், தேதியா? திங்கக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி. அதுக்குள்ள புத்தகத்தையும் இந்த ரெக்கார்டையும் சேத்து யூனிவர்சிட்டியில குடுக்கணும். ஏற்கெனவே ரெண்டு தடவை தவணை வாங்கியாச்சு, இது கடைசி. குடுக்கலைன்னா பேரை அடிச்சிருவாங்களாம். இன்னைக்கு வெள்ளி. அவ திருநெல்வேலியில அவங்க கைடு வீட்டு வாசல்ல நிக்கிறா, இன்னும் ஒரு வாரம் கிடைக்குமான்னு கேக்க. கிடைக்காதுன்னு அவளுக்கே தெரியும். அதான் நான் வந்திருக்கேன்.

வேற காப்பியா? ஒரு பென்டிரைவ் இருக்கு, ரெண்டு வருசத்துக்கு முந்தினது. அதுக்கப்புறம் எடுத்ததெல்லாம் இதுல மட்டுந்தான். ஒரு மாசமா லேப்டாப்பு நின்னு நின்னு ஓடிச்சு. ஒரு ஃபைலைத் திறந்தா டீ போட்டுக் குடிச்சிட்டு வரலாம். இவளே கம்ப்யூட்டர்ல தேடிப் படிச்சு, டிஸ்க்கு போகப் போகுதுன்னு கண்டுபிடிச்சு, புது டிஸ்க்கு ஒண்ணு வாங்கிட்டு வந்து, பழசுல இருக்கிறதை அப்படியே அதுல இழுக்குற மாதிரி ஒண்ணை ஓட விட்டா. செவ்வாய்க்கிழமை சாயங்காலம். முப்பது மணி நேரம் ஆகும்னா. மேசையில வச்சு, டேபிள் ஃபேனை அது மூஞ்சிக்கு நேரா திருப்பி வச்சா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. வீட்டுல ஒரு எலெக்ட்ரிகல் ஃபோர்மேன் உக்காந்திருக்கேன், ஒரு வார்த்தை. சரி, அது கெடக்கட்டும்.

அது ஓடிக்கிட்டிருக்கும்போதே புதன்கிழமை காலையில நின்னுபோச்சு. அவ்வளவுதான். தானா நின்னுபோச்சு. மறுபடி போட்டா உசுரு வரல. லேப்டாப்பு எரியுது, ஆனா உள்ள டிஸ்க்கே இல்லைங்குது. புதுசுல வந்த வரைக்கும் வந்திருக்கு, அறுபத்திரண்டு பர்சென்ட். அதுல என்ன இருக்குன்னு பாத்தா விண்டோசு இருக்கு, என் ரிட்டையர்மென்ட் விழா வீடியோ முழுசா இருக்கு. அந்தப் பொம்பளைங்க ஒருத்திகூட இல்ல. எல்லாம் வராத பாதியில மாட்டிக்கிட்டாங்க.

பேட்டரியா? அது செத்து ஆறு மாசமாச்சு. வயர்லதான் ஓடிச்சு. கரண்டு ஏறி இறங்கிச்சான்னா... எனக்கு எப்படித் தெரியும்? நான் பூஜை வேலையில இருந்தேன். சரஸ்வதி பூஜை அன்னைக்கும்மா. கோதையும் அவங்கம்மாவும் பொரி கடலை வாங்கக் கடைக்குப் போயிருந்தாங்க. கரண்டுன்னா ஆயிரம் இருக்கும். இப்ப எங்க மில்லுல பிரேக்டவுன் ரிஜிஸ்டர்னு ஒண்ணு உண்டு. மெஷின் நின்னா தேதி, நேரம், காரணம்னு மூணு கட்டம். அந்தக் காரணம்ங்கிற கட்டத்துலதான் ஆளோட புத்திசாலித்தனமே இருக்கு. 'ஆளோட தப்பு'ன்னு எழுதினா ஒருத்தன் வீட்டுல அடுப்பு எரியாது. அதனால நான் 'பல்லி'ன்னு எழுதிருவேன். பேனலுக்குள்ள பல்லி பூந்து ஷார்ட் ஆயிருச்சு. யாரு போய்க் கேக்கப் போறா பல்லிகிட்ட?

சிரிக்காதீங்க, நெசமாத்தான். ஒரு தடவை நானே பாக்காம பிரேக்கரைத் தூக்கி, பெரிய மோட்டார் ஒண்ணு புகைஞ்சுபோச்சு. எழுதினேன், பல்லி. மேனேஜர் கையெழுத்துப் போட்டுட்டாரு. சாயங்காலம் வீட்டுல வந்து சொல்லிச் சிரிச்சேன். கோதைக்கு அப்ப ஏழு வயசு இருக்கும். 'ஏம்ப்பா, இப்படிச் செத்துக்கிட்டே இருந்தா மில்லுல பல்லியே மிச்சம் இருக்காதே'ன்னா. தெருப் பூரா சொல்லிட்டு வந்தேன் அதை. அப்படி ஒரு சூட்டிகை. அப்புறம் எந்நேரமும் நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சா, 'இன்னைக்கு எத்தனை பல்லிப்பா?'ன்னுதான் கேப்பா.

என்ன அப்படிப் பாக்குறீங்க கண்ணாடி வழியா? அது என்ன, உள்ள இருக்கிறது டிவியில பெருசாத் தெரியுது? ஓ, டிஸ்க்குதானா அது. எம்மாம் பெருசு, ஊரே தெரியுது. என்ன செகப்பு? எங்க?

ஆமா. செகப்பாத்தான் இருக்கு.

ரேகை மாதிரி... ஆமா, கட்டைவிரல் ரேகை மாதிரிதான் தெரியுது. குங்குமமா இருக்கும். பூஜை வீடுல்ல, எங்க தொட்டாலும் குங்குமம்தான். யார் கையிலயாவது ஒட்டியிருக்கும். கோதை கழட்டும்போது... இல்ல, அவ அன்னைக்கு நெத்தியில வைக்கக்கூட இல்ல. சரிம்மா, என்னோடதுதான். பெருவிரல்ல தழும்பு தெரியுதுல்ல, அது மில்லுல வெட்டினது. நான்தான் கழட்டிப் பாத்தேன். நின்னுபோச்சே, பிள்ளை வர்றதுக்குள்ள சரி பண்ணிரலாமேன்னு பின் பக்கம் நாலு ஸ்குரூவைக் கழட்டி, அதை உருவி, அழி ரப்பரை வச்சு அது முனையில வரிசையா இருக்கிற மஞ்சப் பல்லைத் தேச்சு, திரும்பச் சொருகினேன். அஞ்சாறு தடவை போட்டுப் போட்டு அணைச்சேன். சரி, பத்துப் பதினஞ்சு தடவை இருக்கும். வேற எதுவும் பண்ணல. அதான் தப்பா? பண்ணக்கூடாதா? யாரு சொன்னா எனக்கு?

அவங்க கடையிலருந்து வந்தப்ப நான் எல்லாத்தையும் பழையபடி மூடி வச்சிட்டேன். 'என்னப்பா ஆச்சு?'ன்னா. 'தெரியலத்தா, தானா நின்னுபோச்சு'ன்னேன். உக்காந்தா. போட்டுப் பாத்தா. அப்புறம் அவளே கழட்டி, இந்த டிஸ்க்கை உருவி, ஜன்னல் வெளிச்சத்துல கொஞ்ச நேரம் வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா. ஒரு கவர்ல போட்டு, டப்பாவுல வச்சா. 'சாப்பிடுங்கப்பா, சுண்டல் ஆறிரும்'னா. அழுகை இல்ல, கத்தல் இல்ல. அவளுக்கு ஒண்ணும் தெரியலைன்னு எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு.

சரி, படிங்க. ஃபாரத்தை இப்பத் திறந்து படிங்க, அவ என்ன எழுதியிருக்கான்னு பாப்போம். நான் சொன்னதைத்தான் எழுதியிருப்பா, தானா நின்னுபோச்சுன்னு.

சத்தமா. கேக்கல.

இன்னொரு தடவை சொல்லுங்க.

இங்க திருப்புங்கம்மா, அந்த டிவியை என் பக்கம் திருப்புங்க. கண்ணாடி போட்டுக்கிறேன். தேதி, நேரம் சரி. காரணம்: பிளக் பாயின்டில் பல்லி விழுந்து ஷார்ட்.

பல்லி.

எங்க வீட்டுல பல்லியே கிடையாதும்மா. போன மாசந்தான் வெள்ளையடிச்சோம்.

இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணி வேணாம். பொய் எழுத எங்கிட்டு இருந்துதான் கத்துக்கிட்டாளோ, அவங்கம்மா வழியில... இல்ல. அவங்கம்மாவுக்குப் பொய்யே வராது. ஜன்னல் ஓரமா வச்சு அம்புட்டு நேரம் பாத்தாளே. இந்த ரேகையைத்தான் பாத்திருக்கா. என் பெருவிரல் அவளுக்குத் தெரியாதா? சின்னப்பிள்ளையில இந்த விரலைப் பிடிச்சுக்கிட்டுத்தானே பள்ளிக்கூடம் போனா. துடைச்சிருக்கலாம்ல? துடைக்காம அப்படியே டப்பாவுல வச்சு, அதை என் கையிலயே குடுத்து விட்டிருக்காளே.

என்னம்மா எடுக்குறீங்க? அது சூடு வைக்கிற மெஷினா? இருங்க. எதுக்குச் சூடு? ஷார்ட்டுன்னா சப்ளை வர்ற பாதையில அந்தப் பொடிச் சாமான் கருகியிருக்கும், சூடு வச்சுப் பேத்தெடுத்து வேற வைக்கணும். சரி. அப்ப பக்கத்துல இருக்கிற மெமரி சிப்புக்கும் சூடு ஏறும். ஏற்கெனவே நொந்துபோன சிப்பு, அது தாங்கலைன்னா? அப்ப அவ்வளவுதானா? நீங்க அளந்து பாத்தீங்கல்ல, என்ன சொல்லுது? ரெண்டு பக்கமும் சொல்லுதா? அப்ப ஷார்ட் இல்லைன்னா? கரண்டு சடார்னு நின்னதுதான் காரணம்னா என்ன பண்ணுவீங்க? சொல்லுங்க, எனக்குத் தெரியணும்.

சூடே வேணாமா? சிப்பு நல்லாத்தான் இருக்கும், எது எங்க இருக்குங்கிற பட்டியல் மட்டும் எழுதிக்கிட்டிருக்கும்போதே அறுந்துபோயிருக்கும். ரெண்டு முனையைச் சேத்துப் பிடிச்சு, வேற வழியா எழுப்பி, பட்டியலைத் திரும்பக் கட்டலாம். அப்ப இதுக்கு ஒரு வைத்தியம், அதுக்கு வேற வைத்தியம். மாத்திப் பண்ணினா...

அந்தச் சூட்டு மெஷினை அணைங்க. அணைங்கம்மா, சொல்றேன்ல.

பல்லி இல்ல. நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன்.

எழுதிக்கோங்க. புதன்கிழமை காலையில பத்தரை. பூஜைக்கு எல்லாம் எடுத்து வச்சாச்சு. என் டெஸ்டர், கட்டிங் பிளேயர், அவங்கம்மா தையல் மெஷின், என் ஸ்கூட்டர் சாவி, கோதை புத்தகம். அவ லேப்டாப்பு மட்டும் ஓடிக்கிட்டிருக்கு. மில்லுல பாத்துக்கோங்க, வருசம் பூரா மெஷின் ஓடும், தீபாவளிக்குக்கூட ஒரு ஷிப்ட் ஓடும். ஆயுத பூஜைக்கு மட்டும் நிக்கும். நல்ல நேரம் பாத்து ஃபோர்மேன்தான் மெயின் கைப்பிடியை இறக்கணும், அது என் கை. இறக்கினதும் அம்புட்டுச் சத்தமும் அடங்கும் பாருங்க, எல்லாரும் கை எடுத்துக் கும்பிடுவாங்க. ஓடுற மெஷினுக்குப் பொட்டு வைக்கிற வழக்கமே எங்களுக்குக் கிடையாது. நின்னாத்தான் வைப்போம். மறுநாள் கைப்பிடியைத் தூக்கினா விட்ட இடத்துல இருந்து நூலு ஓடும். இதுவும் அப்படித்தான்னு நினைச்சேன். அறுபத்திரண்டுல நிக்குது, நாளைக்கு அறுபத்திமூணுல இருந்து ஓடப்போகுது, அவ்வளவுதானேன்னு.

நல்ல நேரம் பத்தே முக்காலோட முடியுது, இவங்களைக் காணோம். எம் மக படிப்புக்கு முதல் பொட்டு விழணும்னு ஆசைம்மா. அது பொய் இல்ல. சாமி சத்தியமா அது பொய் இல்ல.

ஆனா அது மட்டும் இல்ல. இன்னொண்ணும் இருக்கு. லேப்டாப்பு மேல ஒரு காகிதம் ஒட்டியிருந்தா, சிவப்பு மையில. 'யாரும் தொடாதீங்க, அணைக்காதீங்க'ன்னு. கரண்டைப் பத்தி எனக்கே போர்டு மாட்டுறாளேன்னு கோவம் வந்துச்சு. ஒரு வார்த்தை கேக்கல, இப்ப போர்டு வேற. யாரும்னா வீட்டுக்காரனுமா அதுல சேத்தின்னு நினைச்சேன். காகிதத்தை உரிச்சேன், பிளக்கைப் பிடுங்கினேன், சந்தனத்தை வச்சு குங்குமத்தை வச்சேன். வச்சிட்டு நிமிர்ந்து பாத்தா, சரஸ்வதி படத்துக்குக் கீழ ஸ்கிரீன் கருப்பா இருக்கு. பிளக்கைத் திரும்பக் கையில எடுத்தேன். சொருகினேன். எரிஞ்சுது. டிஸ்க்கைக் காணோம்னுச்சு. கழட்டினேன், தேச்சேன், போட்டேன், அணைச்சேன். தெருவுல கோதை குரல் கேக்குது. பொட்டைத் துடைச்சிட்டு, காகிதத்தைத் திரும்ப எடுத்து ஒட்டினேன். கோணலா ஒட்டிட்டேன்னு இப்ப ஞாபகம் வருது. அதையும் பாத்திருப்பா.

ஏம்மா, நான் முதல்ல உங்ககிட்ட என்ன சொன்னேன், அடுத்தவன் மாட்டின போர்டைக் கழட்டுறவன் யாருன்னு? முப்பத்தி நாலு வருசம் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கேன். அவ மேசை மேல நூத்தி நாப்பத்தாறு பேரு வேலை பாத்துக்கிட்டிருந்தாங்க. அந்தப் போர்டுதான் அது. கண்ணு முன்னால இருந்துச்சு.

மாத்துங்க. அந்தக் கட்டத்துல மாத்துங்க. என்னது, மாத்தினா அவ போனுக்குத் தகவல் போகுமா? போகட்டும். இருங்க, எப்படி எழுதணும்னு நான் சொல்றேன். 'காரணம்: நகல் ஓடும்போது அப்பா பிளக்கைப் பிடுங்கினார்.' பேரு போடுங்க. ஃபோர்மேன்னு போடவேணாம், தங்கமாரியப்பன்னு மட்டும் போடுங்க. அனுப்பிட்டீங்களா? சரி. இப்பப் பிடிங்கம்மா, அந்த ரெண்டு முனையைப் பிடிங்க.

நான் பேசல. பேசமாட்டேன்.

கை நடுங்காம என்னமாப் பிடிக்கிறீங்க. சரி சரி, பேசல.

என்ன ஆச்சு? வரலையா? திரும்பப் பிடிங்க. அவசரம் இல்ல, நீங்க பாருங்க. திங்கக்கிழமை வரைக்கும் நான் இங்கனயே உக்காந்திருக்கேன். கால் மணி நேரமாப் பிடிச்சுக்கிட்டிருக்கீங்க, கை வலிக்கலையா? அந்த ஸ்பீக்கர்லருந்து ஏதாவது சத்தம் வருமா? வராதா. எதைப் பாத்துத் தெரிஞ்சுக்கிறது? அந்த வரிசையில டிஸ்க்கோட பேரு வரணுமா? என்ன பேரு? இது... இது இப்ப வந்ததா, முதல்லயே இருந்ததா? இப்ப வந்ததா!

உசுரோட இருக்கா? சொல்லுங்கம்மா, உசுரோட இருக்கா?

எந்திரிச்சிருச்சு, ஆனா பட்டியலைக் கட்டி முடிச்சாத்தான் யாரு யாரு இருக்காங்கன்னு தெரியும். சாயங்காலம் ஆகும். சரி. எல்லாரும் வந்தாலும் வரலாம், சில பேரு வராமலும் போகலாம். சரிம்மா. நீங்க நெசத்தைச் சொல்றீங்க, அது போதும். அந்த மெஷின் வயரு எந்தப் பிளக்குல இருக்கு? இந்தச் சுவத்துல இருக்கே, இதுவா? நான் இங்கன நாக்காலியைப் போட்டு உக்காந்துக்கிறேன். பெருக்குறவங்க, டீ கொண்டு வர்றவங்க, யாரும் கால் தட்டிறாமப் பாத்துக்கிறேன். சிரிக்காதீங்க. நான் தொடமாட்டேன். கையைக் கட்டிக்கிறேன், பாருங்க.

என்னது? எம் போனா? அடிக்குதா? என் சட்டைப் பையிலயா?

எனக்குக் கேக்கலையே. ரொம்ப நேரமா அடிக்குதா? மூணாவது தடவையா! ஏசி சத்தமா இருக்குன்னு... அணைச்சுட்டீங்களா ஏசியை? எப்ப? நான் வந்ததுல இருந்து ஓடவே இல்லையா?

சரி. அந்த டெஸ்டுக்கும் உக்காந்துற வேண்டியதுதான். நூத்தி நாப்பத்தேழாவது ஆளு.

கோதைதான். பேரு தெரியுது. கொஞ்சம் இருங்கம்மா.

ஹலோ. ஆங், சொல்லுத்தா. சத்தமாச் சொல்லு, எனக்குக் காது சரியாக் கேக்கல. ஆமா, எந்திரிச்சிருச்சு, சாயங்காலம் தெரியும்ங்கிறாங்க. இரு, இரு, அதைச் சொல்றேன். உனக்கு ஏதும் மெசேஜ் வந்துச்சா? இன்னும் பாக்கலையா? அப்ப அதைப் பாக்காத. நான் சொல்றேன், எங்கிட்டயே கேளு.

பல்லி இல்லத்தா. நீ மாட்டின போர்டை நான்தான் கழட்டினேன்.